தாம்பரம் 1938: கேள்வி யாருடையது?

1938 டிசம்பர் 12ஆம் தேதி தாம்பரத்தில் 471 பேர் கூடினார்கள். 69 நாடுகளிலிருந்தும் ஆட்சிப்பகுதிகளிலிருந்தும் வந்தவர்கள். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டுச் சேலையூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்து அப்போது இரண்டு ஆண்டு நிறைந்திருக்கவில்லை. அந்தப் புது வளாகத்தில், டிசம்பர் 29 வரை, பல நாட்டு கிறிஸ்தவ மிஷன் அமைப்புகளின் கூட்டமைப்பான உலக மிஷனரி மன்றத்தின் மாநாடு நடந்தது. முதலில் சீனாவின் ஹாங்சோ நகரில் நடக்க இருந்த மாநாடு அது. 1937இல் ஜப்பான் சீனாவுக்குள் படை நடத்தியதால் இடம் மாறித் தாம்பரத்துக்கு வந்தது. போரிட்டுக்கொண்டிருந்த அவ்விரு நாடுகளின் பேராளர்களும் இங்கே ஒரே அவையில் உட்கார்ந்தார்கள். அதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ஒரு சமயத்தார் மற்றச் சமயத்தாரை எப்படி அணுகுவது என்ற கேள்வியைப் பல நாட்டு அறிஞர்கள் கூடி விவாதித்த அவைகளில், நம் ஊரில் இதைவிடப் பெரிய ஒன்றை நான் அறியேன். ஆனாலும் மெய்யியல் படிக்க வரும் சென்னை மாணவர்களிடம் ‘தாம்பரம் மாநாடு’ என்றால் விழிக்கிறார்கள். வெளிநாட்டு இறையியல் துறைகளிலோ ‘தாம்பரம்’ என்ற சொல் ஊர்ப்பெயராக இல்லாமல் ஒரு விவாதத்தின் பெயராகவே வழங்குகிறது. நமக்கு அது மின்ரயிலின் கடைசி நிறுத்தமாக இருந்த ஊர். அவர்களுக்கு அது ஒரு நூற்றாண்டு வழக்கின் தலைப்பு.

இந்த நிகழ்வை இப்போது நான் எடுத்துக்கொள்வதற்கு ஒரு காரணம் உண்டு. சமய உரையாடலையும் பண்பாட்டுப் புரிதலையும் நோக்கமாகக் கொண்ட ஒரு கூட்டுப் பாடத்திட்டத்தில் சென்னைத் தரப்பில் பணியாற்றி வருகிறேன். மறுதரப்பு ஓர் ஐரோப்பியப் பல்கலைக்கழகம். சென்ற ஆண்டு புதுப்பிப்பதற்காக வந்த புரிந்துணர்வு ஒப்பந்தத்தின் வரைவில் பொறுப்புகளைப் பிரித்துக் காட்டும் ஓர் அட்டவணை இருந்தது. கோட்பாடு, ஆய்வுமுறை, மதிப்பீடு ஆகியவை அவர்களுக்கு. களம், தங்குமிடம், வாகனம், உள்ளூர்த் தொடர்புகள் ஆகியவை நமக்கு. வரைந்தவர்கள் நல்லவர்கள், நண்பர்கள். அதில் ஏதும் தவறு இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவே இல்லை. எங்கள் தரப்பிலும் இரண்டு பேருக்குத் தோன்றவில்லை. அன்று இரவுதான் தாம்பரம் மாநாட்டுத் தொகுதிகளை மறுபடி எடுத்தேன்.

அவையில் வைக்கப்பட்ட நூல்

1910இல் எடின்பரோவில் நடந்த மிஷனரி மாநாட்டுக்கு ஏறத்தாழ 1,200 பேர் வந்தார்கள். ஆசியத் திருச்சபைகளின் சார்பில் வந்தவர்கள் இருபதுக்கும் குறைவு. அந்தச் சிலரில் ஒருவர் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்து சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. பொருள் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்ற பொருளில் அவர் அங்கே பேசியது பலருக்குச் சுருக்கென்று தைத்தது. தாம்பரம் மாநாடு கூடுவதற்குள் நிலைமை மாறியிருந்தது. பேராளர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஆசிய, ஆப்பிரிக்க, இலத்தீன் அமெரிக்கத் திருச்சபைகளைச் சேர்ந்தவர்கள். எண்ணிக்கையில் இது பெரிய பாய்ச்சல்.

ஆனால் விவாதத்துக்கான நூல் முன்னதாகவே எழுதப்பட்டிருந்தது. ஹென்ட்ரிக் கிரேமர் என்ற டச்சு அறிஞரிடம் மன்றம் அந்தப் பணியைக் கொடுத்திருந்தது. ஜாவா முஸ்லிம்கள் நடுவே பல ஆண்டுகள் வாழ்ந்தவர். பிறகு லெய்டன் பல்கலைக்கழகத்தில் சமய வரலாற்றுப் பேராசிரியரானவர். ‘கிறிஸ்தவரல்லாத உலகில் கிறிஸ்தவச் செய்தி’ என்று பொருள்படும் தலைப்பில் நானூறு பக்கங்களைத் தாண்டிய நூல் அது. கிறிஸ்துவில் வெளிப்பட்டதற்கும் மனிதர் கட்டியெழுப்பிய சமயங்களுக்கும் இடையே தொடர்ச்சி இல்லை, முறிவுதான் உண்டு என்பது அதன் அடிநாதம். கிறிஸ்தவமும் வரலாற்றில் ஒரு சமயமாக நிற்கும் அளவுக்கு அதே தீர்ப்புக்கு உட்பட்டதுதான் என்றும் அவர் சொன்னார். அதைப் பலர் மறந்துவிட்டுத்தான் அவரைத் திட்டுகிறார்கள்.

கிரேமருக்கு நியாயம் செய்துவிட்டே மேலே போக விரும்புகிறேன். அவர் எழுதிய காலம் எப்படிப்பட்டது? ஜெர்மனியில் இனமும் நாடும் தெய்வமாக்கப்பட்டு, தேவாலயங்களுக்குள்ளேயே அந்தத் தெய்வத்துக்கு ஆராதனை நடந்த காலம். தாம்பரத்தில் பேராளர்கள் கூடுவதற்கு ஒரு மாதம் முன்பு, நவம்பர் 9 இரவில், அந்நாட்டில் யூதர்களின் தொழுகைக்கூடங்கள் எரிக்கப்பட்டன. எல்லாச் சமயமும் ஒன்றுதான், எல்லா உணர்வும் புனிதம்தான் என்ற மென்மையான பேச்சு அந்தத் தீயை அணைக்காது என்று அவர் அஞ்சினார். பிறகு நாஜிகள் நெதர்லாந்தைப் பிடித்தபோது கிரேமரே சிறைவைக்கப்பட்டார். அவருடைய கறாருக்குப் பின்னால் ஆணவத்தை மட்டும் பார்ப்பது சரியான வாசிப்பு ஆகாது.

எனினும் அந்தக் கறார் ஐரோப்பியக் காயத்துக்கு இட்ட மருந்து. தாம்பரத்தில் அதை எல்லோருக்கும் புகட்ட முயன்றபோதுதான் சிக்கல் தொடங்கியது. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் வாழ்ந்த ஒருவருக்குப் பக்கத்து வீட்டாரின் பக்தி பெர்லினின் ஊர்வலம்போல் தோன்றியிருக்க நியாயமில்லை.

சென்னையிலிருந்து எழுந்த பதில்

மறுப்பு வெளியூரிலிருந்து வரவில்லை. மாநாடு கூடுவதற்குச் சற்று முன், அதே 1938இல், சென்னையில் ஒரு தொகுப்பு நூல் வெளிவந்தது. இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுபடி சிந்திப்பது அதன் நோக்கம். தலைப்பும் அதுவே. எழுதியவர்களில் முதன்மையானவர்கள் இருவர். வழக்கறிஞர் வி. சக்கரை, செட்டியார் குடும்பத்தில் பிறந்து, 1903இல் திருமுழுக்குப் பெற்று, விடுதலை இயக்கத்திலும் தொழிற்சங்கத்திலும் இறங்கி, 1941இல் சென்னை மேயராகவும் ஆனவர். அவருடைய மைத்துனர் பி. செஞ்சையா, புதுக்கோட்டை சமஸ்தானத்தில் தலைமை நீதிபதியாக இருந்தவர். இருவருமே கிறிஸ்தவக் கல்லூரியின் மாணவர்கள். இருவரும் ஊதியம் வாங்கும் குருமார் இல்லை என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். எந்த மிஷனுக்கும் கணக்குக் கொடுக்க வேண்டிய நிலையில் அவர்கள் இருக்கவில்லை.

கிரேமர் நூலுக்குச் செஞ்சையா எழுதிய மதிப்புரை அந்தத் தொகுப்பில் இருக்கிறது. அதன் வாதத்தை என் சொற்களில் சொல்கிறேன். கிரேமர் இந்து சமயத்தை வெளியே நின்று ஓர் அமைப்பாகப் பார்க்கிறார். எனக்கோ அது பிறந்து வளர்ந்த வீடு. அதை விட்டு வந்தவன் அதைப் பகையாக நினைக்க வேண்டும் என்று யார் விதித்தது? அது எனக்குப் பால் கொடுத்த தாய். கிறிஸ்துவை நான் கண்டுகொண்டதே அந்தத் தாய் கொடுத்த கண்ணால். இப்படிப்பட்ட ஒருவருக்குக் கிரேமரின் நூலில் இடமே இல்லை. அங்கே ஒருபக்கம் செய்தி, மறுபக்கம் செய்தி போய்ச் சேர வேண்டிய உலகம். இரண்டையும் தன் உடம்புக்குள் சுமப்பவன் எங்கே நிற்பது?

இரண்டாவது பதில் அந்த வளாகத்தின் உள்ளிருந்தே வந்தது. 1938 வரை கல்லூரியின் முதல்வராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் ஏ.ஜி. ஹாக், நம்பிக்கை வேறு, சமய அமைப்பு வேறு என்று பிரித்தார். சமயங்களை எடைபோட்டுப் பார்க்கும் கிரேமர், அந்தச் சமயத்துக்குள் ஒரு மனிதன் கடவுளோடு உண்மையாகவே உறவாடுகிறான் என்ற வாய்ப்பை எடைபோடவில்லை என்பது ஹாக்கின் குறை. மனிதன் தேடுகிறான் என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் போதாது. கடவுளும் அங்கே பதில் தருகிறார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார்.

ஹாக்குக்கு இந்த அறிவு எங்கிருந்து வந்தது? வகுப்பறையிலிருந்து. அவரிடம் மெய்யியல் படித்தவர்களில் மிகப் பலர் இந்து இளைஞர்கள். அவர்களில் ஒருவர் திருத்தணிக்காரர். வேதாந்தத்தில் அறநெறிக்கு இடமில்லை என்று மிஷனரி வகுப்புகளில் கேட்ட குற்றச்சாட்டு அந்த இளைஞரை உறுத்தியது. அதற்கு விடையாக, 1908இல், இருபது வயதில், வேதாந்தத்தின் அறநெறி பற்றியே முதுகலை ஆய்வேட்டை எழுதினார். தன் சமயத்தைக் குறைகூறிய கல்லூரியில், அந்தக் குறைக்கு எதிராக எழுதிய ஏட்டை வாசித்து மனமாரப் பாராட்டியவர் அதே ஹாக். மாணவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். 1936இல் ஆக்ஸ்ஃபோர்டில் கீழைச் சமயங்களுக்கும் அறவியலுக்கும் ஏற்படுத்தப்பட்ட ஸ்பால்டிங் பேராசிரியர் இருக்கையில் முதலாவதாக அமர்ந்தவர். தாம்பரத்தில் மாநாடு கூடிய டிசம்பரில் அந்த இருக்கை அவருடையதாகவே இருந்தது.

இதை நான் எத்தனை முறை வகுப்பில் சொன்னாலும் ஆறவில்லை. ‘கிறிஸ்தவரல்லாத உலகம்’ பற்றி 471 பேர் பதினெட்டு நாள் பேசினார்கள். அந்த உலகத்தின் சார்பில் பேசக்கூடிய ஒருவரை அதே கல்லூரிதான் உருவாக்கியிருந்தது. மாநாடு திருச்சபைகளின் மாநாடு என்பதால் அவருக்கோ அவரைப் போன்ற வேறொருவருக்கோ அவையில் நாற்காலி கிடையாது. விதிப்படி அது சரிதான். மாநாட்டுக்கு முன் அதன் தலைவர் ஜான் மாட், காந்தி வாழ்ந்த சேகாவ் (பின்னாளைய சேவாகிராமம்) சென்று அவரைச் சந்தித்துப் பேசினார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆக, கேட்கும் ஆசை இருந்தது. கேட்பதற்கு அவைக்கு வெளியே போக வேண்டியிருந்தது.

மாநாட்டின் கட்டுரைகளும் அறிக்கைகளும் அடுத்த ஆண்டே ஏழு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளிவந்தன. ஹாக்கின் மறுப்பு முதல் தொகுதியில் இடம்பெற்றது. எதிர்வாதத்தை அச்சில் ஏற்றிய அந்த நேர்மைக்கு நான் தலை வணங்குகிறேன்.

இருநூறு ஆண்டு முன்கதை

தாம்பரத்தில் நடந்ததைத் தனி ஒரு சறுக்கலாகப் பார்க்க என்னால் முடியவில்லை. நம் கடற்கரையில் இது பழைய கதை. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, தமிழர்களிடம் அவர்களுடைய வழிபாடு, உணவு, திருமணம், மறுபிறப்பு என்று எல்லாவற்றையும் பற்றிக் கடிதம் மூலம் கேள்வி கேட்டார். 1712 முதல் 1714 வரை தமிழர்கள் எழுதிய 99 பதில்கள் ஜெர்மன் மொழியில் ஹாலே நகரத்தில் அச்சாயின. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு தமிழர் தன் சமயத்தைப் பற்றித் தானே சொன்னதை ஐரோப்பிய வாசகர் வீட்டில் உட்கார்ந்து வாசித்தார் என்பது சாதாரண செய்தியா?

ஆனால் 1713இல் அதே சீகன்பால்கு தமிழ்த் தெய்வங்களின் மரபுவழி குறித்து ஒரு முழு நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பியபோது அதை அச்சிட அங்கே மறுத்துவிட்டார்கள். அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்ப அனுப்பவில்லை என்ற மனநிலை. அந்தக் கையெழுத்துப்படி 154 ஆண்டுகள் காத்திருந்து, 1867இல் முதன்முதலாக அச்சேறியது. எங்கே? சென்னையில். ஜெர்மன் மொழி நூல், ஜெர்மானியர் எழுதியது, ஜெர்மனி வேண்டாம் என்றது, நம் ஊர் அச்சகத்தில் பிறந்தது.

கேள்விக்குப் பதில் வந்தால் வரவேற்பு, பதிலே ஒரு நூலாக எழுந்து நின்றால் தயக்கம். கூட்டு ஆய்வில் இன்றும் நான் காணும் தயக்கம் அதுதான்.

மறுபடியும் தாம்பரம்

ஐம்பது ஆண்டு கழித்து, 1988இல், உலகத் திருச்சபைகள் மன்றம் அதே வளாகத்தில் ஒரு கலந்தாய்வு நடத்தியது. இடைப்பட்ட காலத்தில் உலகம் நகர்ந்திருந்தது. 1965இல் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மற்றச் சமயங்களில் உள்ள உண்மையையும் தூய்மையையும் புறக்கணிப்பதில்லை என்று அறிவித்திருந்தது. 1970இல் லெபனானின் அஜல்தூன் என்ற ஊரில் இந்துக்களும் பௌத்தர்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஒரே மேசையில் பேசினார்கள். உலகத் திருச்சபைகள் மன்றத்தின் உரையாடல் பிரிவைத் தொடங்கி நடத்தியவர் கர்நாடகத்தைச் சேர்ந்த ஸ்டான்லி சமர்த்தா. 1988இல் அந்தப் பொறுப்பில் இருந்தவர் இலங்கைத் தமிழரான வெஸ்லி அரியராஜா. கேள்வியைத் தயாரிக்கும் இடத்துக்கு ஒரு தமிழர் வந்துவிட்டிருந்தார்.

அந்தக் கலந்தாய்வுக்கு வந்தவர்களில் எனக்கு மிக வேண்டியவர் கனடாக்காரரான வில்ஃபிரெட் கான்ட்வெல் ஸ்மித். 1940களில் லாகூரில் கற்பித்தவர். பிறகு மான்ட்ரியாலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமிய ஆய்வு நிறுவனம் ஒன்றை ஏற்படுத்தி, அங்கே ஆசிரியரிலும் மாணவரிலும் பாதிப் பேர் முஸ்லிம்களாக இருக்க வேண்டும் என்று வகுத்தவர். ஒரு சமயத்தைப் பற்றி ஆய்வாளர் சொல்லும் கூற்று, அந்தச் சமயத்தார் கேட்டு ஆமாம் என்று ஏற்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அவர் முன்வைத்த அளவுகோல். சிலருக்கு இது மிகை. உள்ளே இருப்பவருக்குத் தெரியாததை வெளியே இருப்பவர் கண்டு சொல்ல முடியாதா என்று கேட்பார்கள். முடியும். ஆனால் முதலில் உள்ளே இருப்பவர் சொல்வதைப் பிழையில்லாமல் திருப்பிச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த ஒழுங்கு நமக்குப் புதிதில்லை என்பதைத் தமிழ் மாணவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வேன். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலைப் பரபக்கம் (பிறர் கொள்கை), சுபக்கம் (தன் கொள்கை) என்று இரண்டாகப் பிரித்தார். பரபக்கத்தில் உலோகாயதம் தொடங்கிப் பதினான்கு கொள்கைகள். ஒவ்வொன்றுக்கும் முதலில் அவர்களுடைய மதம், அதாவது கொள்கை; பிறகுதான் மறுதலை, அதாவது மறுப்பு. மறுதலை கடுமையாக இருக்கலாம். ஆனால் எதிராளியின் மதத்தைச் சொல்லாமல் மறுதலைக்குப் போக நூலின் அமைப்பே விடாது. மணிமேகலை வஞ்சி மாநகரில் ஒவ்வொரு சமயக் கணக்கரிடமும் போய் அவரவர் வாயால் அவரவர் கொள்கையைக் கேட்டாள். வரைவு ஒப்பந்தத்தில் ‘கோட்பாடு’ என்ற கட்டம் ஒரு தரப்புக்கு மட்டும் ஒதுக்கப்பட்டதைப் பார்த்தபோது, இந்தப் பழைய நூல்களை எழுதியவர்களை எந்தக் கட்டத்தில் உட்காரவைப்பது என்றுதான் முதலில் கேட்கத் தோன்றியது.

1988க்குப் பிறகு நடந்த நல்லவற்றில் ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். அமெரிக்க இயேசு சபைத் துறவி பிரான்சிஸ் குளூனி 1990களில் சென்னையில் தங்கி வைணவர்களோடு திருவாய்மொழியையும் அதன் உரைகளையும் பயின்றார். 1996இல் அந்த வாசிப்பு நூலாக வந்தது. நம்மாழ்வாரின் 1,102 பாசுரங்களை உரையாசிரியர்களின் கை பிடித்து வாசித்துவிட்டு, தன் கிறிஸ்தவ நூல்களிடம் திரும்பி, அவற்றைப் புதிதாக வாசித்த முயற்சி அது. கேள்விகளை எழுதிக் கொண்டுவந்து வைணவர்களிடம் நீட்டாமல், பாடம் கேட்பவராக உட்கார்ந்தார். அப்படி உட்கார ஆண்டுக்கணக்கு வேண்டும். நமது கூட்டுப் பாடத்திட்டங்களோ ஆறு வாரத்துக்கு மேல் நீளுவதில்லை.

பூக்காரம்மாவின் கேள்வி

எங்கள் திட்டம் முதன்முதலில் நடந்த ஆண்டுக்கு வருகிறேன். வெளிநாட்டு மாணவர் ஒன்பது பேர், சென்னை மாணவர் பதினோரு பேர். அங்கிருந்து வந்தவர்கள் கையில் அச்சிட்ட நாற்பது கேள்விகள். நம் மாணவர்களுக்கு மொழிபெயர்க்கும் வேலை. கபாலீசுவரர் கோயில் குளத்தருகே பூ விற்கும் ஒரு அம்மாவிடம் ஒரு ஜெர்மன் மாணவி கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். பதினேழோ பதினெட்டோ ஆன பிறகு அந்த அம்மா கையிலிருந்த நாரைக் கீழே வைத்துவிட்டு, “நீயே கேட்டுக்கொண்டிருக்கிறாயே கண்ணு, நான் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் செத்துப் போனவர்களுக்குச் சோறு வைப்பீர்களா?” என்று கேட்டார்.

மொழிபெயர்த்த நம் மாணவன் திகைத்தான். கேள்வித்தாளில் அதற்கு இடமில்லை. ஜெர்மன் மாணவியும் பதில் சொல்லவில்லை. சிரித்து மழுப்பவும் இல்லை. மூன்றாம் நாள் வகுப்பில் தானாக எழுந்தார். சோறு வைப்பதில்லை, ஆனால் நவம்பர் முதல் தேதி பாட்டியின் கல்லறையில் சிவப்புக் கண்ணாடிக் குடுவைக்குள் மெழுகுவத்தி ஏற்றுவோம், அது இரவு முழுதும் எரிய வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடிப்பார், ஏன் என்று நான் கேட்டதே இல்லை என்றார். உடனே பின்வரிசையிலிருந்து ராயபுரத்துக் கத்தோலிக்க மாணவி, நாங்களும் கல்லறைத் திருநாளன்று கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் ஏற்றுவோம், நவம்பர் இரண்டாம் தேதி என்றாள். ஒரு முஸ்லிம் மாணவன் தன் தாத்தாவின் கபருக்குப் போய் ஃபாத்திஹா ஓதுவதைச் சொன்னான். அமாவாசைத் தர்ப்பணம் வந்தது, காக்கைக்கு வைக்கும் சோறு வந்தது. தன் வீட்டில் இவை எதுவுமே இல்லை, அப்பா பெரியார் வழி, ஆனால் தாத்தாவின் படத்தை மட்டும் யாரும் கழற்றவிடுவதில்லை என்றான் ஒருவன். மணி அடித்தும் யாரும் எழவில்லை. ஆறு வாரத்தில் உரையாடல் என்ற பெயருக்குத் தகுந்த ஒன்று நடந்தது அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான்.

இறுதி அறிக்கையில் அது இல்லை. நாற்பது கேள்விகளுக்கான விடைகள் அட்டவணையாக இருந்தன. பூக்காரம்மா ‘தகவலாளி 14’ என்று இருந்தார். அவருடைய கேள்வியைச் சேர்க்கும்படி நான் எழுதினேன். ஆய்வு வடிவமைப்புக்கு வெளியே இருப்பதால் சேர்க்க இயலவில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. அப்போது நான் வற்புறுத்தவில்லை. அது என் பிழை. கிரேமருக்குச் செஞ்சையா எழுதியதைப்போல அன்றே ஒரு பதில் எழுதியிருக்க வேண்டும்.

ஆகவே சென்ற ஆண்டு வரைவு வந்தபோது சும்மா இருக்கவில்லை. தாம்பரத்தின் கதையை ஆறு பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதி, திருத்தங்களோடு அனுப்பினேன். சண்டை வரும் என்று பயந்தேன். வரவில்லை. மறுதரப்பின் மூத்த பேராசிரியர் தொலைபேசியில் அழைத்து, கிரேமரைத் தன் மாணவப் பருவத்தில் படித்ததாகவும் செஞ்சையா என்ற பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை என்றும் சொன்னார். அந்தக் குரலில் இருந்த வருத்தம் உண்மையானது.

மாறியவை இவை. முதல் இரண்டு வாரம் களத்துக்குப் போவதில்லை. இரு தரப்பு மாணவரும் சேர்ந்து வாசிக்கிறார்கள். கிரேமரில் சில பக்கம், ஹாக்கில் சில பக்கம், செஞ்சையாவின் மதிப்புரை முழுவதும். செஞ்சையாவை எங்கள் மாணவர்கள் தமிழாக்கி வருகிறார்கள். பரபக்கத்திலிருந்து ஒரு பகுதியைத் தமிழில் வாசித்து ஆங்கிலத்தில் விளக்கும் பொறுப்பும் அவர்களுடையது. வாசிப்புக்கு வெளியிலிருந்து ஆளைத் தேட வேண்டியதே இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தத்துக்கும் வைணவத்துக்கும் சமணத்துக்கும் கிறிஸ்தவத்துக்கும் தனித்தனித் துறைகள் இருக்கின்றன, இஸ்லாமிய ஆய்வுக்கு ஒரு மையம் இருக்கிறது. ஒரே பல்கலைக்கழகத்துக்குள் இத்தனை வாசல்கள் திறந்திருப்பது பெரும் பேறு. அந்தந்தத் துறையில் பயின்றவர்களை அந்தந்த நாளுக்கு அழைக்கிறோம்.

மூன்றாவது வாரம் ரமலானில் அமைந்தால், மாலையில் திருவல்லிக்கேணி வாலாஜா மசூதிக்குக் கேள்வித்தாள் இல்லாமல் போவது என்று முடிவு. அங்கே நோன்பு திறக்க வருவோருக்கு மயிலாப்பூர் சூஃபிதார் கோயிலைச் சேர்ந்த சிந்தி இந்துக்கள் பல பத்தாண்டுகளாக உணவு கொண்டுவந்து பரிமாறுகிறார்கள். பிரிவினையில் சிந்துவை விட்டு அகதியாக வந்த ஒருவர் தொடங்கிவைத்த வழக்கம். மாணவர்கள் அனுமதி கேட்டு, தட்டு எடுத்து வைக்கிற வேலையைச் செய்வார்கள். குறிப்பேட்டை மறுநாள் திறந்தால் போதும்.

மதிப்பீட்டில் நாங்கள் கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. மதிப்பெண்ணில் பாதி இன்னும் அவர்கள் பல்கலைக்கழக விதிப்படிதான். கள அறிக்கையை அச்சுக்கு அனுப்பும் முன், பேட்டி கொடுத்தவர்களிடம் தமிழில் படித்துக் காட்ட வேண்டும் என்ற விதியை ஏற்கவைக்க நான்கு மாதம் ஆயிற்று. கால விரயம் என்று சொன்னவர் எங்கள் தரப்பிலேயே இருந்தார்.

‘களம்: சென்னை’ என்ற வரி ‘களம்: இரு நகரங்களும்’ என்று மாறியிருக்கிறது. வரும் நவம்பரில் எங்கள் மாணவர் எட்டுப் பேர் அங்கே போகிறார்கள், கையில் அவர்களே தயாரித்த கேள்விகளோடு. விசா விண்ணப்பங்களைப் போன வாரம் கொடுத்தாயிற்று. பயணத் தேதியை அவர்கள்தான் தேர்ந்தார்கள். முதல் தேதி மாலைக்குள் அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இருக்க வேண்டுமாம். கேள்வித்தாளின் முதல் கேள்வி பூக்காரம்மாவுடையது. அதன் பக்கத்தில் அவருடைய பெயரையும் எழுதலாமா என்று அவரிடமே கேட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.